தேய்ந்த தட்டும் தேயாத வில்லும்

கேள்வி – பதில்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, “ஸ்கொட்லாந்துப் பிடில்காரர் ஜேம்ஸ் ஸ்கொட் ஸ்கின்னரின் பழைய தட்டுகளைக் கேட்டுப் பாருங்கள்” என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். வந்த கடிதங்களில் பாதி, “யார் அவர்?” மீதிப் பாதி, “எங்களுக்கு ஏன் அவர்?” ஆகவே இந்த இதழ் முழுக்க அவருக்கும் அவருடைய சத்தத்துக்கும்.

ஓர் ஆசிரியை, கட்டுகாஸ்தோட்டை: கண்டியில் இருந்துகொண்டு ஸ்கொட்லாந்துப் பிடிலைக் கேட்கவேண்டிய அவசியம் என்ன?

காலையில் தேநீர் குடித்தீர்களா டீச்சர்? அப்படியென்றால் அவசியம் ஏற்கெனவே தொண்டைக்குள் இறங்கிவிட்டது. லூல்கந்துரையில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர், ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயர்க்காரர். ஸ்கின்னர் பிறந்த பான்கரியும் அதே கின்கார்டின்ஷயர்தான். டெய்லர் 1852இல் இங்கே வந்து இறங்கியபோது ஸ்கின்னர் எட்டு வயதுப் பையன். கிராமத்து நடன விருந்துகளில் பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செல்லோ இழுக்கத் தொடங்கியிருந்தான். டெய்லர் 1892இல் காலமாகி நம் மகியாவ மயானத்தில் அடங்கினார். ஸ்கின்னர் 1927இல் அபர்டீனில் கண்மூடினார். ஒருவர் விட்டுப்போனது கோப்பையில் இருக்கிறது, மற்றவர் விட்டுப்போனது தட்டில் இருக்கிறது. கோப்பையை நாம் தினமும் காலி செய்கிறோம். தட்டையும் ஒருநாள் சுற்றவிட்டால் என்ன குறைந்துவிடும்?

ஒரு பஸ் பயணி, நாவலப்பிட்டி: அந்த இசையின் தடயம் இந்த மலையில் எங்காவது இருக்கிறதா?

தோட்டப் பெயர்ப்பலகைகளில் இருக்கிறது. அப்கொட் பக்கம் ஸ்ட்ரத்ஸ்பே தோட்டம். ஸ்ட்ரத்ஸ்பே என்பது ஸ்பே ஆற்றோரப் பள்ளத்தாக்கு. அங்கிருந்து கிளம்பிய நடன மெட்டு வகைக்கும் அதே பெயர். ஸ்கின்னரின் பட்டமே ‘ஸ்ட்ரத்ஸ்பே அரசன்’. டிக்கோயாவில் டன்கெல்ட் தோட்டம். ஸ்கொட்லாந்தின் டன்கெல்ட் ஊருக்குப் பக்கத்து இன்வரில்தான் 1727இல் பிறந்த நீல் கோ வளர்ந்தார், அந்த நாட்டுப் பிடிலுக்கே பெரியப்பா. மஸ்கெலியா பக்கத்துக் கண்டக்டர்கள் ஓர் அரசனின் ராஜ்ஜியத்தை நாள்தோறும் கூவுகிறார்கள். அரசனைத்தான் யாரும் ஏற்றுவதில்லை.

அதே பயணி: நீல் கோவின் தட்டு கிடைக்குமா?

அவர் இறந்தது 1807. எடிசன் ஒலியைப் பிடித்தது 1877. எழுபது வருடம் தாமதித்த கருவியை மன்னிக்க நீல் கோவிடம்தான் கேட்கவேண்டும்.

ஒரு மாணவர், பேராதனை: ஸ்கின்னரின் பதிவைக் கேட்டேன். பொரிக்கிற சத்தம்தான் கேட்டது, பிடில் எங்கோ பின்னால். இதை எப்படி ரசிப்பது?

தம்பி, நீங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பிடிலைத் தேடியிருக்கிறீர்கள். பிடிலைக் கேளுங்கள், சத்தம் தானே ஒதுங்கிவிடும். கெட்டம்பே கோவிலுக்குப் பக்கத்து வீட்டார் மகாவலி ஓடுகிற இரைச்சலை எத்தனை நாளுக்குக் கேட்கிறார்கள்? குடிவந்த முதல் வாரத்தோடு சரி. காதுக்கு அந்தத் திறமை உண்டு, இடம்தான் கொடுக்கவேண்டும்.

வழி சொல்கிறேன். ஒரே துண்டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை காலால் தாளம் மட்டும் போடுங்கள், வேறெதுவும் வேண்டாம். அது ஆட்டத்துக்கான இசை, காலுக்குத்தான் முதலில் புரியும். இரண்டாவது முறை வில்லை மட்டும் கவனியுங்கள்: எந்த இடத்தில் அழுத்துகிறார், எந்த இடத்தில் வெட்டுகிறார். ஸ்ட்ரத்ஸ்பேயில் ஒரு குட்டிச் சுரம் முந்திவந்து நீண்ட சுரத்தின் மேல் சொடுக்குப் போட்டு விழும். அந்தச் சொடுக்குதான் உயிர். மூன்றாவது முறை மெட்டு திரும்பி வரும்போது முதல்தடவை வாசித்ததிலிருந்து என்ன மாற்றினார் என்று பாருங்கள். மூன்றாம் முறையிலும் பொரிகிற சத்தம்தான் கேட்டால், இயர்போனை மாற்றுங்கள். அல்லது சாப்பிட்டுவிட்டு வந்து கேளுங்கள்.

ஓர் இளைஞி, குண்டசாலை: பழைய பிடில் பதிவுகள் எல்லாம் மூக்கால் பேசுகிற மாதிரி இருப்பது ஏன்?

மைக் இல்லை, தங்கச்சி. 1925 வரைக்கும் ஒலிப்பதிவில் மின்சாரத்துக்கு வேலையே கிடையாது. வாசிப்பவர் ஒரு பெரிய தகரக் கொம்புக்குள் வாசிப்பார். கொம்பின் அடியில் ஒரு சவ்வு, சவ்வோடு ஓர் ஊசி, ஊசிக்குக் கீழே சுழலும் மெழுகு. வில்லின் பலமே ஊசியைத் தள்ளிக் கோடு கீறவேண்டும். அப்படிக் கீறிய கோட்டில் 2000 ஹேர்ட்ஸைச் சற்றுத் தாண்டியதுமே ஒலி மங்கிவிடும். வயலினின் இனிமை முழுக்க அதற்கு மேலேதான் குடியிருக்கிறது. ஆகவே தட்டில் நீங்கள் கேட்பது வயலினின் எலும்பு. தசை கொம்புக்கு வெளியே நின்றுவிட்டது.

இந்தக் கஷ்டத்துக்காகவே ஸ்ட்ரோ என்பவர் மரப்பெட்டியைக் கழற்றிவிட்டு, சவ்வும் உலோகக் கொம்பும் பூட்டிய ஒரு வயலினைச் செய்தார். அந்தக் காலத்துப் பதிவு அறைகளில் அதற்கு நல்ல மரியாதை. பார்த்தால் வயலினுக்கும் நாதஸ்வரத்துக்கும் கலப்புத் திருமணம் நடந்ததுபோல இருக்கும்.

ஒரு வங்கி ஊழியர், கண்டி: ஒரு தட்டில் ஏன் மூன்று நிமிடம்தான்?

பத்து அங்குலத் தட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 78 சுற்று ஓடினால் கோடு அவ்வளவு நேரத்தில் நடுவுக்கு வந்துவிடும். நட்டம் பெரும்பாலும் நம் பக்கத்துக்குத்தான். ஸ்கின்னர் ஒரு ஸ்ட்ரத்ஸ்பேயை வாசித்து, அதே சூட்டில் ரீல் என்ற துரித நடன மெட்டுக்குத் தாவி, மரியாதையாக முடித்துவிடுவார். அவருடைய மெட்டுகளே குட்டையானவை. நம் வித்துவான்கள் ஆலாபனைக்கு மூச்சு இழுப்பதற்குள் தட்டு பாதி ஓடியிருக்கும். கீர்த்தனையின் சரணம் ரெயிலைப் பிடிக்க ஓடுவதைப் பல பழைய கர்நாடக இசைத்தட்டுகளில் கேட்கலாம். ஆனால் ஒரு லாபமும் உண்டு. மூன்று நிமிடத்தில் தன்னை நிரூபிக்கவேண்டும் என்றால் வித்துவான் வீண்பேச்சுப் பேசமாட்டார். இந்த விதியை நம் மேடைப் பேச்சாளர்களுக்கும் கொண்டுவரலாம்.

ஒரு வயலின் மாணவி, அம்பிட்டிய: பழைய தட்டோடு சேர்ந்து வாசிக்கப் பார்த்தேன். என் சுருதிக்கு வரவே இல்லை. அந்தக் காலத்தில் சுருதி சுத்தம் கிடையாதா?

அவரைக் குற்றம் சொல்வதற்குமுன் மோட்டாரைப் பிடியுங்கள். 78 என்ற கணக்கு எல்லாரும் ஒத்துக்கொண்டு நிலைத்தது பின்னால்தான். அதற்குமுன் 70க்குக் கொஞ்சம் மேலேயும் பதிந்தார்கள், 80க்கு மேலேயும் பதிந்தார்கள். 74இல் பதிந்த தட்டை நீங்கள் 78இல் சுழற்றினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும், வேகமும் கூடும். “அந்தக் காலத்தில் எவ்வளவு துரிதமாக வாசித்தார்கள்!” என்று வியப்பவர்களில் பலர் வியப்பது தங்கள் வீட்டு மோட்டாரைத்தான்.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க வயலினே உதவும். விரல் படாத திறந்த தந்தி அசைவில்லாமல், தட்டையாக, துணிச்சலாக ஒலிக்கும். எந்தச் சுரத்தில் அந்த ஒலி வருகிறதோ அது ஒரு தந்தி. அதை உங்கள் வயலினின் தந்தியோடு பொருத்தி வேகத்தைக் குறையுங்கள் அல்லது கூட்டுங்கள். அந்தக் காலத்துச் சுருதியே ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறியதுதான். மயிரிழை வித்தியாசத்துக்காக அவரோடு சண்டை வேண்டாம்.

அதே மாணவி: கர்நாடக சங்கீதம் படிக்கிற எனக்கு ஸ்கொட்லாந்துக்காரரிடம் கற்க என்ன இருக்கிறது?

நீங்கள் ச–ப–ச–ப என்று சுருதி சேர்க்கிறீர்கள், இல்லையா? மேற்கத்தியர் வழக்கமாகச் சேர்ப்பது வேறு முறை, தந்திக்குத் தந்தி ஐந்தாம் சுரமாக ஏறிக்கொண்டே போவது. ஆனால் ஸ்கொட்லாந்தின் பழைய பிடில்காரர்கள் சில மெட்டுகளுக்குக் கீழ்த்தந்திகள் இரண்டையும் முறுக்கி ஏற்றி ஏ–ஈ–ஏ–ஈ என்று வைத்துக்கொள்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அட்சரம் பிசகாமல் உங்கள் ச–ப–ச–ப! காரணமும் ஒன்றுதான்: ஆதார சுருதி கூடவே முழங்கவேண்டும். அவர்களுக்கு அந்த ஆசை பாக்பைப்பின் ஓயாத அடிநாதத்தைக் கேட்டு வந்தது. நமக்குத் தம்புராவும் ஒத்தும் பழக்கியது.

கற்கவேண்டியது வில். நம்மில் பலர் இடது கையின் கமகத்துக்கே எல்லாப் புத்தியையும் செலவழித்துவிட்டு, வலது கையை மில் தொழிலாளி மாதிரி முன்னும் பின்னும் ஓட்டுகிறோம். அந்த ஊரில் பேச்சு முழுக்க வலது கையில். நீல் கோவைக் கேட்டவர்கள் புகழ்ந்தது, வில் மேல்நோக்கிப் போகும்போது அவர் கொடுத்த அடியைத்தான். சாதாரண வாசிப்பில் அந்தத் திசையில் வில்லுக்குப் பலம் குறைவு. ஸ்கின்னரின் தட்டில் அந்த வில்வேலையைக் காதால் படிக்கலாம்.

ஓர் ஓய்வுபெற்ற அதிபர், கம்பளை: நம் வயலினே அவர்களிடம் கடன் வாங்கியதுதானே?

கருவி கடன், வட்டி நாம் போட்டது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னைக்குப் பக்கத்து மணலியில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். அண்ணனோ அந்தக் காலத்து ஆங்கிலேய பாண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் போட்டார். நோட்டு சுர சாகித்தியங்கள் என்று இன்றும் பிள்ளைகள் பாடுகிறார்கள். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டு. ‘வந்தே மீனாக்ஷி’ ஓர் அயர்லாந்து நடன மெட்டு. அரசர் வாழ்க என்ற பாட்டை அம்மன் வாழ்த்தாக்கிய துணிச்சலை யோசித்துப் பாருங்கள். கடனை இப்படித் திருப்பிக் கொடுத்தவர்கள் உலகத்தில் குறைவு.

ஒரு நண்பர், மாத்தளை: ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தாராமே?

பிடில் பிறக்க இன்னும் ஆயிரத்தைந்நூறு வருடம் கிடந்தது. தீயை அணைக்காத பழி அவருக்குப் போதும், இல்லாத கருவியை வாசித்த பழியும் எதற்கு?

ஒரு விமர்சகர் (என்று அவரே போட்டுக்கொண்டது), தென்னக்கும்புர: ஸ்கின்னர் உண்மையான நாட்டார் கலைஞரா? புகழுக்கு ஆடியவர் என்கிறார்கள்.

சரியாகத்தான் சொல்கிறார்கள். சின்ன வயதில் ஒரு சிறுவர் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போய், மேற்கத்தியச் செவ்வியல் முறையில் கற்றவர். நடன ஆசிரியர். மேடையில் ஸ்கொட்லாந்து உடையில் நின்று கைதட்டல் வாங்கத் தெரிந்தவர். அறுநூறுக்குக் குறையாத மெட்டுகளைத் தாமே கட்டினார். மலையடிவாரக் கொட்டிலில் ஆட்டத்துக்கு வாசித்த பெயர் தெரியாத பிடில்காரரை எதிர்பார்த்து அவருடைய தட்டைப் போட்டால் ஏமாறுவீர்கள்.

ஆனால் இங்கே ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். பழைய தட்டு எதையும் ‘மரபு அப்படியே உறைந்து கிடக்கிறது’ என்று கேட்கக்கூடாது. கம்பனி ஒன்று யார் விற்பார் என்று பார்த்து அழைத்தது, அவர் எதை விற்கலாம் என்று பார்த்து வாசித்தார், மெழுகு எவ்வளவு தாங்கும் என்று பார்த்து எடுத்துக்கொண்டது. மூன்று வடிகட்டிக்குப் பிறகு வந்ததுதான் நம் காதுக்கு. 1899இலிருந்து 1922 வரை ஸ்கின்னர் பலமுறை அந்தக் கொம்புக்கு முன்னால் நின்றிருக்கிறார். கடைசிப் பதிவின்போது வயது எண்பதை நெருங்கிவிட்டது. விரல் கொஞ்சம் தளர்ந்திருக்கும், சொடுக்கு தளரவில்லை. சொந்தமாகக் கட்டிய மெதுவான மெட்டுகளை அவர் வாசிக்கும்போது கைதட்டல்காரர் ஒதுங்கிப்போய், கிராமத்துப் பையன் எட்டிப்பார்ப்பான். ‘ஹெக்டர் த ஹீரோ’ அவர் கட்டியதுதான். மெட்டைத் தேடிக் கேளுங்கள், பிறகு விமர்சியுங்கள்.

ஒரு வாசகர், அலவத்துகொட: தாத்தாவின் பெட்டியில் நாய்ப் படம் போட்ட தட்டுகள் பத்திருபது கிடைத்தன. பூஞ்சணம் பிடித்திருக்கிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

கையை எடுங்கள்! அந்தத் தட்டு ஷெல்லாக், அதாவது அரக்கு. அற்ககோல் பட்டால் கரையும். ஹுரிகடுவையிலும் மாத்தளைப் பக்கத்து ஹபுவிதவிலும் தடியிலும் பெட்டியிலும் வண்ணம் ஏற்றும் கைவினைஞர்கள் உருக்குகிறார்களே, பூச்சி தருகிற அதே பிசின். ஸ்பிரிட்டால் துடைத்தால் பூஞ்சணமும் போகும், பாட்டும் போகும்.

காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம், மிருதுவான துணி, கோடு ஓடுகிற திசையிலேயே வட்டமாகத் துடைத்தல். நடுவிலுள்ள காகித லேபலில் ஈரம் படவேண்டாம். நிழலில் காயவிடுங்கள். பிறகு நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப்போட்டால் கண்டியின் ஈரக்காற்றும் சொந்தப் பாரமும் சேர்ந்து அவற்றை அப்பளம் ஆக்கிவிடும். எல்பி ஊசியால் ஓட்டாதீர்கள். 78 தட்டின் கோடு அகலம், அதற்குத் தடித்த ஊசி தனியாக இருக்கிறது. தாத்தாவின் சாவிப் பெட்டியிலேயே ஓட்டுவதானால் இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றுங்கள். ஊசியில் மிச்சம் பிடிப்பவர் தட்டில் இழப்பார்.

அதே வாசகர்: விற்றால் நல்ல விலை போகுமா?

முதலில் கேளுங்கள், பிறகு கேளுங்கள்.

ஒரு கணினிப் பொறியியலாளர், பல்லேகலை: இப்போது மென்பொருள் இரைச்சலை முற்றாக நீக்கிவிடுகிறதே. சுத்தமான பதிவு இருக்க அழுக்குப் பதிவு எதற்கு?

வில் தந்தியில் கடிக்கிற முதல் நொடிச் சத்தமும் ஊசி தட்டில் உரசுகிற சத்தமும் மென்பொருளுக்குச் சகோதரர்கள். அதிகமாகத் துப்புரவாக்கினால் இரண்டையும் சேர்த்துக் கூட்டிக் கொட்டிவிடும்; மிஞ்சுவது தண்ணீருக்கடியில் வாசித்த வயலின். படக் படக் என்று வெடிக்கிறதை எடுங்கள், தொடர்ந்து வரும் இரைச்சலைக் கொஞ்சம் தணியுங்கள், அதோடு கையைக் கட்டிக்கொள்ளுங்கள். மூலப் பிரதியை ஒருபோதும் அழிக்கவேண்டாம். நாளை உங்களைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் வருவார்.

சொல்லப்போனால் அந்த நாய்ப் படமே திருத்தியதுதான். பிரான்சிஸ் பாரோ முதலில் வரைந்தபோது நாய் கேட்டுக்கொண்டிருந்தது எடிசன் வகை உருளைப் பெட்டியை. 1899இல் கிராமபோன் கம்பனிக்கு விற்பதற்காக அதன்மேல் கிராமபோனை வரைந்தார். நாய் முகத்தில் மாற்றம் இல்லை. ரசிகர் என்றால் அப்படி இருக்கவேண்டும்.

ஓர் இல்லத்தரசி, வத்தேகம: என் கணவர் ராத்திரி பன்னிரண்டு மணிவரை பழைய பிடில் கேட்கிறார். தமிழ்ப்பாட்டும் இல்லை, சிங்களப்பாட்டும் இல்லை, வார்த்தையே இல்லை. என்ன செய்வது?

வார்த்தை இல்லாத ஒன்றை விரும்புகிறார் என்றால் பகல் முழுக்க அவருக்கு வார்த்தை அதிகமாகக் கிடைக்கிறதோ அக்கா? கோபிக்கவேண்டாம். அது ஆட்டத்துக்கான இசை என்று சொல்லி அவரை எழுந்து ஆடச் சொல்லுங்கள். இரண்டு ரீல் முடிவதற்குள் மூச்சு வாங்கிப் படுத்துவிடுவார்.

ஒரு நூலகர், கண்டி: ஆனந்த குமாரசுவாமிக்குக் கிராமபோன் பிடிக்காதாமே?

பிடிக்கவே பிடிக்காது. 1909இல் வந்த அவருடைய தேசிய இலட்சியக் கட்டுரைத் தொகுதியில் கிராமபோனுக்கென்றே ஒரு கட்டுரை எழுதித் தாளித்திருக்கிறார். பாடுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் இயந்திரம் புகுந்தால் அது எப்போதும் நட்டம்தான் என்பது அவர் கட்சி. கண்டி நாட்டுத் தச்சரையும் கொல்லரையும் அரக்குக் கைவினைஞரையும் தேடித்தேடி எழுதி, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெரிய நூலைத் தந்தவர். இயந்திரம் வந்ததும் கைகள் ஓய்ந்ததைக் கண்ணால் பார்த்தவர். அவர் பயம் வீணான பயமல்ல. தட்டு மலிவாகக் கிடைக்கிற ஊரில் வித்துவானை யார் அழைப்பார்?

ஆனால் ஐயா மறுபக்கத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிறுத்துவிட்டார். நல்ல வாசிப்பைத் தட்டு கொல்லலாம். செத்துப்போன நல்ல வாசிப்பைத் தட்டு மட்டுமே எழுப்பும். கைவினைக்கு அவர் புகைப்படமும் வரைபடமும் வைத்தாரே, ஓசைக்கு அந்த வேலையைச் செய்வது இந்தப் பெட்டிதான்.

ஒரு வரலாற்று ஆர்வலர், திகன: நம் தீவில் பதிந்த பழைய ஒலிகள் எவை?

கண்டியிலிருந்து மகியங்கனை வழியாகக் கிழக்கே இறங்கினால் வேடர் நாடு. 1907–08இல் செலிக்மன் தம்பதியர் அங்கே போனோகிராப் பெட்டியோடு போய் வேடர் பாட்டுகளை மெழுகு உருளைகளில் பிடித்தார்கள். 1911இல் வந்த அவர்களுடைய நூலில் சார்ள்ஸ் மயர்ஸ் என்பவர் அந்த உருளைகளைக் கேட்டு இசை பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். சில பாட்டுகளில் மொத்தமே இரண்டு சுரம்தான் என்று அவர் எண்ணிச் சொன்னது உலகத்து இசை ஆராய்ச்சியாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. எழுபத்திரண்டு மேளகர்த்தா வைத்திருக்கிற நாம் இரண்டு சுரத்தில் ஒரு பிள்ளையைத் தூங்கவைக்க முடியுமா என்று முயன்று பார்க்கலாம்.

கண்டி மேளத்தைக் கேட்க ஆசைப்படுபவர்கள் 1934இன் ‘சோங் ஒவ் சிலோன்’ படத்தைப் பாருங்கள். இயக்கியவர் பசில் ரைட், பின்னணியில் ரொபர்ட் நொக்சின் எழுத்தைப் படிப்பவர் நம் லயனல் வென்ட், தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். கிரியர்சன் எந்த ஊர்க்காரர் என்கிறீர்களா? ஸ்கொட்லாந்து. இந்த இதழில் அவர்களிடமிருந்து தப்பமுடியாது.

ஓர் இளம் ஆசிரியை, தெல்தோட்டை: ஸ்கொட்லாந்துக்காரரின் பிடிலுக்குத் தட்டு இருக்கிறது. அவர்கள் தோட்டத்தில் கொழுந்து எடுத்த எங்கள் பாட்டிமாரின் பாட்டுக்கு?

இந்த இதழில் வந்த கேள்விகளில் இதற்குத்தான் நின்று பதில் சொல்லவேண்டும்.

லூல்கந்துரையில் காடு வெட்டியதும் குழி தோண்டியதும் கன்று நட்டதும் டெய்லரின் கையல்ல. அவருடைய சவப்பெட்டியை அங்கிருந்து கண்டிவரை தோள்மாற்றிச் சுமந்ததும் அந்தத் தொழிலாளர்களே. அந்தக் கைகளுக்கும் தோள்களுக்கும் சொந்தக்காரர்களிடம் பாட்டு இருந்தது. ஏற்றத்தில் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, காமன் கூத்து, தப்பு. துரை பங்களாவுக்குக் கிராமபோன் வந்ததென்றால் அது பாடத் தெரிந்த பெட்டி, கேட்கத் தெரிந்த பெட்டியல்ல. பதிவுக் கொம்பை ஊர் ஊராகத் தூக்கிப்போன கம்பனிகள் தட்டு வாங்கக் காசுள்ளவர்களின் காதைத் தேடின. லயத்து அறையில் பெட்டி வாங்கக் காசு எது? வாங்காதவர்களின் பாட்டுக்கு மெழுகு உருகவில்லை.

பேனா மட்டும் போயிற்று. பூண்டுலோயா மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) அந்தப் பாட்டுகளைத் தேடித்தேடி எழுதிவைத்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூல் நமக்கு மிஞ்சியது. பெரிய புண்ணியம். ஆனால் எழுத்தில் சொல் நிற்கும், இழுவை நிற்காது. ஸ்கின்னரே சாட்சி. அவருடைய மெட்டுகள் அச்சடித்த சுரத்தாளாகவும் கிடைக்கின்றன, தட்டாகவும் கிடைக்கின்றன. தாளைப் பார்த்து வாசித்தால் மெட்டு வரும். அந்தச் சொடுக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு காரம் என்பது தட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஒப்பாரியில் எந்த இடத்தில் குரல் உடைகிறது என்பதை எந்த எழுத்தாளன் எழுதிக்காட்டுவான்?

ஸ்கொட்லாந்துக்காரர்களும் தட்டுக் கம்பனியோடு நிற்கவில்லை. எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் 1951இல் தொடங்கிய ஸ்கொட்லாந்துக் கல்விப்பள்ளிக்காரர்கள் டேப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பண்ணைக் கூலிகளிடமும் மீனவர்களிடமும் நாடோடிகளிடமும் போனார்கள். மேடையில் நிற்காதவர்களின் குரல் அப்படித்தான் கிடைத்தது. கம்பனி விட்ட இடத்தை ஆசிரியர்களும் மாணவர்களும் பிடித்தார்கள். நீங்கள் ஆசிரியை. உங்கள் வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் வீட்டில் இருபது பாட்டிமாராவது இருப்பார்கள். மிச்சத்தை நான் சொல்லவேண்டியதில்லை.

அதே ஆசிரியை (மறுநாள் தபாலில்): மிச்சத்தையும் சொல்லுங்கள். எப்படிப் பதிவது?

கைத்தொலைபேசி போதும். டெலிவிஷனையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். மழை பெய்தால் தகரக் கூரைக்கு மரியாதை கொடுத்து இன்னொரு நாள் வாருங்கள். போனைப் பாட்டியின் மடியில் அல்ல, ஒரு முழத் தூரத்தில் துணிமேல் வையுங்கள். அவர் தொடங்குகிற சுருதியில் தொடங்கட்டும். நடுவில் மறந்தால் எடுத்துக்கொடுக்காதீர்கள், மறப்பதும் நினைப்பதும் பதிவின் பகுதி. கைதட்டவேண்டாம். பிற்பாடு கீபோர்டு சேர்த்து அழகுபடுத்தவே வேண்டாம்.

முதல் நிமிடத்தில் பாட்டியே சொல்லட்டும்: பெயர், தோட்டம், டிவிஷன், யாரிடம் கேட்டுப் பழகியது, எந்த வேலையின்போது பாடுவது. கல்கத்தாவின் கௌஹர் ஜான் 1902இலிருந்து பதிந்த தட்டுகளின் கடைசியில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹனோவரில். பெட்டி பிரிக்கிறவனுக்கு யார் பாட்டு என்று தெரியவேண்டுமே. நூற்றிருபது வருடத்துக்குப் பிறகும் அவரை நாம் தவறாமல் அடையாளம் காண்கிறோம். பெயர் சொல்லாத குரல் நாளைக்கு ‘பழைய நாட்டுப்பாடல், பாடியவர் தெரியவில்லை’ ஆகிவிடும்.

ஒரு குறும்புக்காரர், கடுகண்ணாவ: என் போனில் நாலாயிரம் குரல் செய்திகள் இருக்கின்றன. நானும் ஒலி ஆவணக் காப்பாளர்தானே?

தேதி, இடம், பேசியவர் பெயர் எழுதி, இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைத்திருந்தால் ஆம். இல்லாவிட்டால் நீங்கள் போனைக் குளத்தில் போடாத ஆள், அவ்வளவுதான். முதல் வேலையாக அந்த நாலாயிரத்தில் அம்மாவின் குரல் எத்தனை என்று பாருங்கள். எல்லாமே “சாப்பிட்டியா?” என்றிருந்தால் இன்று மாலை வீட்டுக்குப் போய் ஒரு பாட்டுக் கேட்டுப் பதியுங்கள். சாப்பிட்டுவிட்டு.